விருத்தாசலம் வட்டார ஆட்பெயர்கள்

விருத்தாசலம் வட்டார ஆட்பெயர்கள் என்பன, தமிழ்நாட்டின் கடலூர் மாவட்டத்தில் விருத்தாசலம், திட்டக்குடி, மங்களூர் முதலிய ஊர்களையும் அவற்றைச் சூழ்ந்த சிற்றூர்களையும் சேர்ந்த மக்களிடையே மரபாக வழங்கிவரும் இயற்பெயர்களாகும். கொளஞ்சி, பழமலை, விருத்தகிரி, விருத்தாம்பாள், பாவாடை, மண்ணாங்கட்டி போன்ற பெயர்கள் இவ்வட்டாரத்தில் பரவலாகக் காணப்படுகின்றன. இவற்றுட் சில தமிழ்நாட்டின் பிற பகுதிகளில் அரிதாகவே வழங்குகின்றன. ஒருவரின் குடும்பம் வழிபடும் தெய்வம், பெற்றோரின் வேண்டுதல், முன்னோரின் பெயர், சமூகத்தில் அக்குடும்பத்துக்கு இருந்த நிலை ஆகியவற்றை இப்பெயர்களிலிருந்து ஓரளவு அறியமுடிகின்றது.

வட்டாரம்

சோழ நாட்டுக்கும் தொண்டை நாட்டுக்கும் இடைப்பட்ட நிலப்பகுதி நடுநாடு எனப்படுகின்றது. முன்னைய தென்னார்க்காடு மாவட்டம் பெரும்பாலும் இப்பகுதியில் அடங்கியிருந்தது. அம்மாவட்டம் 1993இல் பிரிக்கப்பட்டபோது விருத்தாசலம் பகுதி கடலூர் மாவட்டத்தின் பகுதியானது. மணிமுத்தாற்றின் கரையில் அமைந்துள்ள விருத்தாசலம் பழமையான சிவத்தலமாகவும், பீங்கான் தொழிலுக்குப் பெயர்பெற்ற நகரமாகவும் விளங்குகின்றது. இதற்கு மேற்கே உள்ள மங்களூர் ஓர் ஊராட்சி ஒன்றியத்தின் தலைமையிடமாகும். கர்நாடக மாநிலத்தின் துறைமுக நகரமான மங்களூர் வேறு, இவ்வூர் வேறு. இப்பகுதியின் பேச்சுவழக்குச் சொற்களை எழுத்தாளர் கண்மணி குணசேகரன் தொகுத்து 'நடுநாட்டுச் சொல்லகராதி' என்னும் நூலாக வெளியிட்டுள்ளார்.

பெயரிடும் வழக்கம்

தமிழில் மகனின் அல்லது மகளின் மகனைக் குறிக்கும் 'பேரன்' என்னும் சொல் 'பெயரன்' என்பதன் மரூஉ ஆகும். பாட்டனின் பெயரைத் தாங்குபவன் என்பது இதன் பொருள். அவ்வாறே 'பேர்த்தி' என்பதும் பெயரை அடியாகக் கொண்ட சொல்லே. சங்க இலக்கியத்திலும் 'பெயரன்' என்னும் சொல் இப்பொருளில் ஆளப்பட்டுள்ளது. முன்னோர் பெயரைக் குழந்தைக்கு இடும் வழக்கம் எவ்வளவு தொன்மையானது என்பதற்கு இம்முறைப்பெயர்களே சான்றாக அமைகின்றன.

பாட்டனாரின் பெயரைக் குழந்தைக்கு இடும்போது வீட்டில் ஒரு சிக்கல் எழுவதுண்டு. மாமனாரின் பெயரையோ கணவரின் பெயரையோ பெண்கள் வாய்விட்டுச் சொல்லலாகாது என்பது பழைய வழக்கம். அப்பெயர் ஒரு பொருளின் பெயராகவோ ஊரின் பெயராகவோ இருப்பின், அச்சொல்லையும் தவிர்த்து வேறு சொல்லால் குறிப்பதும் உண்டு. எனவே பாட்டனாரின் பெயர் இடப்பட்ட குழந்தைக்கு, வீட்டில் அழைப்பதற்கென வேறொரு பெயரும் அமைந்தது. தம்பிக்கண்ணு, சின்னக்கண்ணு, நல்லதம்பி, பெரியதம்பி, சின்னப்பொண்ணு, அம்மாக்கண்ணு என்பன போன்ற அழைப்புப் பெயர்கள், நாளடைவில் தாமே இயற்பெயர்களாகப் பதிவு பெற்றதும் உண்டு.

தமிழர் பெயரில் குடும்பப் பெயர் என்னும் உறுப்புப் பொதுவாக இல்லை. தந்தையின் பெயரின் முதலெழுத்தே தலைப்பெழுத்தாக முன்னால் எழுதப்படுகின்றது. ஆகவே ஒரு பெயர் ஒரு தலைமுறைக்குத் தலைப்பெழுத்தாகச் சுருங்கி, அடுத்த தலைமுறையில் பெயரன் வழியாக மீண்டும் முழுப்பெயராக எழுவதே மரபான சுழற்சியாகும்.

வரலாறு

பழந்தமிழ்ப் பெயர்கள் பெரும்பாலும் சுருக்கமானவை. ஆதன், சாத்தன், கீரன், கொற்றன், பூதன் என்பன சங்க இலக்கியத்தில் மிகுதியாகக் காணப்படும் ஆண்பாற் பெயர்கள். கீழடி அகழாய்வில் கிடைத்த தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த பானை ஓடுகளிலும் 'ஆதன்' என்னும் பெயர் உள்ளது. நடுநாட்டில் திருக்கோவலூருக்கு அருகிலுள்ள சம்பைக் குன்றின் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு, அதியமான் நெடுமான் அஞ்சியின் பெயரைத் தருகின்றது.

தந்தையின் பெயரையும் மகனின் பெயரையும் சேர்த்து வழங்கும் முறைக்குத் தொல்காப்பியம் புணர்ச்சி விதிகளையே வகுத்துள்ளது. சாத்தன் என்பவனின் மகன் கொற்றன் 'சாத்தங்கொற்றன்' எனப்பட்டான். 'ஆதன்', 'தந்தை' என்னும் சொற்கள் சேர்ந்து 'ஆந்தை' என்றும், 'பூதன்', 'தந்தை' என்பன சேர்ந்து 'பூந்தை' என்றும் ஆகும். புலவர் பிசிராந்தையாரின் பெயர், பிசிர் என்னும் ஊரைச் சேர்ந்த ஆந்தையார் எனப் பிரியும்.

பக்தி இயக்கக் காலத்துக்குப் பின்னர் தெய்வங்களின் பெயர்களும் தலங்களின் பெயர்களும் மக்களுக்கு மிகுதியாக இடப்பட்டன. சோழர் காலத்திலும் அதன் பின்னரும் வடமொழிப் பெயர்கள் பெருகின. எனினும் தமிழ்ப் பெயர்கள் மறைந்துவிடவில்லை. இப்பகுதியை ஆண்ட காடவர் குலத் தலைவர் ஒருவரின் பெயர் 'ஏழிசைமோகன்' என விருத்தாசலம் கோயிற் கல்வெட்டுகளால் அறியப்படுகின்றது. ஏழு இசையிலும் மோகம் கொண்டவன் என்பது இதன் பொருள்.

தலப்பெயர்களிலிருந்து தோன்றியவை

பழமலையும் விருத்தாசலமும்

தேவாரத்தில் விருத்தாசலம் 'திருமுதுகுன்றம்' எனப் போற்றப்படுகின்றது. முதுகுன்றம், பழமலை என்பன பழமையான மலை என்னும் ஒரே பொருளைத் தருவன. அதே பொருளில் 'விருத்த' (முதிய) என்னும் சொல்லுடன் 'அசலம்' (மலை) சேர்ந்து விருத்தாசலம் என்றும், 'கிரி' (மலை) சேர்ந்து விருத்தகிரி என்றும் வடமொழிப் பெயர்கள் அமைந்தன. 10ஆம் நூற்றாண்டில் செம்பியன் மாதேவியால் கற்றளியாக எடுப்பிக்கப்பட்ட இக்கோயிலின் இறைவன் பழமலைநாதர் என்றும் விருத்தகிரீசுவரர் என்றும் அழைக்கப்படுகின்றார். இவற்றைத் தழுவி ஆண்களுக்குப் பழமலை, பழமலைநாதன், விருத்தகிரி, விருத்தாசலம் ஆகிய பெயர்கள் இடப்படுகின்றன.

பழமலை என்னும் பெயர் கவிஞர் த. பழமலய் வழியாகத் தற்கால இலக்கியத்தில் அறிமுகமானது. புதுமைப்பித்தன் என்னும் புனைபெயரால் புகழ்பெற்ற சிறுகதை எழுத்தாளரின் இயற்பெயர் சொ. விருத்தாசலம் ஆகும். திருநெல்வேலியைப் பூர்வீகமாகக் கொண்ட குடும்பத்தில், 1906ஆம் ஆண்டு கடலூரை ஒட்டிய திருப்பாதிரிப்புலியூரில் அவர் பிறந்தார்.

இத்தலத்து இறைவி பெரியநாயகி, விருத்தாம்பிகை என்னும் பெயர்களால் வழங்கப்படுகின்றார். இங்கு பாலாம்பிகை என்னும் இளையநாயகிக்கும் சன்னதி உண்டு. குருநமசிவாயர் என்னும் அடியார் இறைவியைக் கிழவி என விளித்துப் பாடி உணவு கேட்டதாகவும், கிழவியால் எவ்வாறு உணவு கொண்டுவர இயலும் எனக் கேட்ட இறைவி, அவர் மாற்றிப் பாடியபின் இளமைக் கோலத்தில் வந்து உணவளித்ததாகவும் தலபுராணச் செய்தி கூறுகின்றது. விருத்தாம்பாள், பெரியநாயகி, பாலாம்பாள் ஆகிய பெண்பாற் பெயர்கள் இவ்வாறு அமைந்தவை. விருத்தாம்பாள் என்பதற்கு 'முதிய அன்னை' என்பதே நேர்பொருள். பிறந்த பெண் குழந்தைக்கு முதுமையைக் குறிக்கும் பெயரை இடுவது வியப்பாகத் தோன்றினும், இங்கு குறிக்கப்படுவது வயது அன்று. இறைவியின் தொன்மையே ஆகும்.

கொளஞ்சி

இவ்வட்டாரத்துக்கே சிறப்பாக உரியது கொளஞ்சி என்னும் பெயர். விருத்தாசலத்தை அடுத்த மணவாளநல்லூரில் கொளஞ்சியப்பர் கோயில் உள்ளது. கொளஞ்சிச் செடிகள் மண்டிய புதரில் பசு ஒன்று நாள்தோறும் பால் சொரிந்ததைக் கண்டு மக்கள் அவ்விடத்தைத் தோண்டிப் பார்த்தபோது பலிபீடம் போன்ற கல் வெளிப்பட்டது என்பது கோயிலின் தோற்றக் கதை. அக்கல் முருகனாக வழிபடப்படுகின்றது. தம் குறையைத் தாளில் எழுதி முறையிடும் 'பிராது கட்டுதல்' இக்கோயிலின் தனித்த வழக்கமாகும்.

இங்கு வேண்டிப் பெற்ற குழந்தைகளுக்குக் கொளஞ்சி, கொளஞ்சியப்பன், கொளஞ்சிநாதன், கொளஞ்சியம்மாள் எனப் பெயரிடுவர். கொளஞ்சி என்பது ஆண், பெண் இருபாலாருக்கும் பொதுவான பெயராக வழங்குகின்றது. வெளியூர்களில் இப்பெயரைக் கேட்டதும் அவர் விருத்தாசலம் பக்கத்தைச் சேர்ந்தவர் என ஊகிப்பது இயல்பு.

அண்மைத் தலங்கள்

இவ்வட்டாரத்தைச் சூழ்ந்துள்ள தலங்களும் பெயர்களைத் தந்துள்ளன. அவற்றுட் சில வருமாறு:

* சிதம்பரம்: நடராசன், சபாபதி, அம்பலவாணன், தில்லைநாயகம், சிவகாமி
* திருவண்ணாமலை: அண்ணாமலை, அருணாசலம், உண்ணாமுலை
* திருமுட்டம்: பூவராகன், பூவராகமூர்த்தி, அம்புசவல்லி
* திட்டக்குடி: வைத்தியநாதன்

இராமலிங்க அடிகளின் குடும்பம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1823இல் மருதூரில் பிறந்த அவரின் உடன்பிறந்தோருள் ஒருவர் சபாபதி, மற்றொருவர் உண்ணாமுலை. ஒன்று சிதம்பரத்தையும் மற்றொன்று திருவண்ணாமலையையும் நினைவூட்டும் பெயர்கள். இவ்வட்டாரத்தைச் சேர்ந்தவரும் 'செல்லாத பணம்' புதினத்துக்காக 2020ஆம் ஆண்டுக்குரிய சாகித்திய அகாதமி விருது பெற்றவருமான எழுத்தாளர் இமையத்தின் இயற்பெயரும் அண்ணாமலை என்பதே.

வேண்டுதற் பெயர்: மெய்கண்டார்

வேண்டிப் பெற்ற குழந்தைக்கு அத்தலத்து இறைவனின் பெயரை இடும் வழக்கத்துக்கு, இப்பகுதியிலிருந்து கிடைக்கும் பழைய சான்றுகளுள் ஒன்று 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த மெய்கண்டாரின் வரலாறாகும். திட்டக்குடிக்கு அருகிலுள்ள பெண்ணாடத்தைச் சேர்ந்த அச்சுத களப்பாளர் பிள்ளைப் பேறின்றித் திருவெண்காட்டுக்குச் சென்று வழிபட்டார் என்றும், அதன் பயனாகப் பிறந்த மகனுக்குச் சுவேதவனப் பெருமாள் எனப் பெயரிட்டார் என்றும் சைவ மரபு கூறுகின்றது. சுவேதவனம் என்பது வெண்காடு என்பதன் வடமொழி வடிவம். பின்னர்ப் பரஞ்சோதி முனிவர் அக்குழந்தைக்கு உபதேசம் செய்து, தம் குருவின் பெயரான சத்தியஞான தரிசினி என்பதைத் தமிழாக்கி 'மெய்கண்டார்' எனச் சூட்டினார். சிவஞானபோதத்தை இயற்றியவர் இவரே. பிறந்த ஊர் பெண்ணாடமாயினும், முதற்பெயர் பெற்றோர் வேண்டிய தலத்தையும், இரண்டாம் பெயர் குருமரபையும் காட்டுகின்றன.

நாட்டார் தெய்வப் பெயர்கள்

பெருங்கோயில்களைக் காட்டிலும் ஊர்த் தெய்வங்களும் குலதெய்வங்களுமே சிற்றூர் மக்களின் பெயர்களில் மிகுதியாக இடம்பெறுகின்றன. ஐயனார், வீரன், முனியன், மாரி, பச்சையம்மாள், பச்சையப்பன், அங்காளம்மாள், செல்லி என்பன இவ்வகையின. குழந்தைக்குக் குலதெய்வக் கோயிலில் முடியிறக்கிக் காது குத்தும் சடங்குடன் இப்பெயர்கள் தொடர்புடையவை.

'பாவாடை' என்னும் ஆண்பாற் பெயர் பிற பகுதியினரால் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதுண்டு. மேல்மலையனூர் அங்காளம்மனின் காவல் தெய்வமான பாவாடைராயனின் பெயரே இது. பாவாடை என்பதற்குப் பெண்கள் அணியும் உடை என்னும் பொருளோடு, பெரியோர் நடந்துவருவதற்காக நிலத்தில் விரிக்கும் துணி என்னும் பழைய பொருளும் உண்டு.

திரௌபதி அம்மன் வழிபாடும் பாரதக் கூத்தும் இப்பகுதியில் செல்வாக்குப் பெற்றவை. இதனால் தருமன், தருமலிங்கம், அருச்சுனன், திரௌபதி, பாஞ்சாலி ஆகிய பெயர்கள் வழங்குகின்றன.

காப்புப் பெயர்கள்

குழந்தை இறப்பு மிகுந்திருந்த காலத்தில், அடுத்தடுத்துக் குழந்தைகளை இழந்த பெற்றோர், பின்னர்ப் பிறந்த குழந்தைக்கு இழிவான அல்லது மதிப்பற்ற பொருளின் பெயரை இட்டனர். அத்தகைய பெயரைக் கேட்டால் கண்ணேறும் காலனும் குழந்தையை நாடா என நம்பப்பட்டது.

* குப்பன், குப்பம்மாள்: குழந்தையைக் குப்பை மேட்டில் கிடத்திப் பின் எடுத்துவரும் சடங்கை ஒட்டிய பெயர்.
* பிச்சை, பிச்சையம்மாள்: பிறரிடமிருந்து அல்லது தெய்வத்திடமிருந்து பிச்சையாகப் பெற்ற குழந்தை.
* மண்ணாங்கட்டி: மதிப்பற்ற மண் உருண்டை.
* மூக்கன், மூக்காயி: பிழைத்திருக்க வேண்டி மூக்குக் குத்தப்பட்ட குழந்தை.

குழந்தையை வேறொருவருக்குக் கொடுத்து, சிறிது தவிட்டை விலையாக ஈந்து திரும்பப் பெறும் வழக்கமும் இருந்தது. 'தவிட்டுக்கு வாங்கிய பிள்ளை' என்னும் பேச்சுவழக்கு இதிலிருந்து வந்தது. இன்று நகைப்புக்கு உள்ளாகும் இப்பெயர்கள், உண்மையில் அக்குழந்தை உயிரோடிருக்க வேண்டுமென்ற பெற்றோரின் அச்சத்திலிருந்தும் அன்பிலிருந்தும் பிறந்தவையாகும்.

போதும்பொண்ணு, வேண்டாம் என்னும் பெயர்கள் இவற்றினின்றும் வேறானவை. தொடர்ந்து பெண் குழந்தைகள் பிறக்கும்போது அடுத்தது ஆணாக வேண்டும் என்னும் விருப்பத்தால் இடப்பட்டவை இவை. இங்கு காக்கப்படுவது பெயரைத் தாங்கும் குழந்தை அன்று. இன்னும் பிறவாத ஆண் குழந்தை பற்றிய எதிர்பார்ப்பே.

கிறித்தவப் பெயர்கள்

விருத்தாசலத்துக்கு அருகிலுள்ள கோணான்குப்பத்தில் வீரமாமுனிவர் (1680-1747) எழுப்பிய தேவாலயத்தில் மரியன்னை 'பெரியநாயகி' என்னும் பெயரால் வணங்கப்படுகின்றார். விருத்தாசலத்து இறைவியின் பெயரும் அதுவே. எனவே இவ்வட்டாரத்தில் பெரியநாயகி என்னும் பெயர் இந்துக்கள், கத்தோலிக்கர் ஆகிய இரு சமயத்தாருக்கும் பொதுவாயிற்று.

வீரமாமுனிவரின் இயற்பெயரான கான்சுடன்சோ என்பது உறுதியைக் குறிப்பது. அதனைத் தழுவி அவர் முதலில் தைரியநாதர் எனப்பட்டார். தம் தேம்பாவணியில் யோசேப்பு என்னும் பெயரை அவர் 'வளன்' எனத் தமிழாக்கினார். யோசேப்பு என்பதற்கு எபிரேயத்தில் 'இறைவன் மேலும் பெருக்குவாராக' என்பது பொருள். கத்தோலிக்கரிடையே வழங்கும் பிற பெயர்கள்: அருளப்பன் (யோவான்), சின்னப்பன் (பவுல், இலத்தீனில் 'சிறியவர்'), இராயப்பன் (பேதுரு), சூசை (யோசேப்பு), சவரிமுத்து (சவேரியார்). ஆரோக்கியம், ஆரோக்கியசாமி ஆகிய பெயர்கள் வேளாங்கண்ணி ஆரோக்கிய மாதாவை ஒட்டியவை. இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' (1994) புதினத்தின் தலைமைப் பாத்திரமான சலவைத் தொழிலாளிப் பெண்ணின் பெயரும் ஆரோக்கியம் ஆகும்.

பெயரும் சமூக நிலையும்

ஒரே தெய்வத்தின் பெயர், அதைத் தாங்குபவரின் சாதிக்கேற்ப வெவ்வேறு ஈறுகளைப் பெற்றது. முனியன் என்பதற்கும் முனுசாமி என்பதற்கும் மூலம் ஒன்றே. குப்பன், குப்புசாமி என்பனவும், மாரி, மாரியப்பன் என்பனவும் அவ்வாறே. 'சாமி', 'அப்பன்', 'அம்மாள்' ஆகிய ஈறுகள் மதிப்பைக் குறித்தன. ஒடுக்கப்பட்ட சாதியினரை அழைக்கும்போது ஆதிக்கச் சாதியினர் இவ்வீறுகளை நீக்கிவிட்டுப் பெயரின் முதற்பகுதியை மட்டும் கூறினர். வயதில் மூத்தவரையும் சிறுவர்கள் பெயர் சொல்லி ஒருமையில் விளிக்கும் நிலை இருந்தது. எனவே ஏட்டில் எப்பெயர் எழுதப்பட்டது என்பது ஒலி பற்றிய செய்தி மட்டுமன்று, மதிப்பு பற்றியதுமாகும். எளிய மக்களைக் குறிக்கக் 'குப்பனும் சுப்பனும்' என்னும் தொடர் இன்றும் வழங்குகின்றது.

பெயர் மாற்றங்கள்

பெயரை மாற்றிக்கொள்வதன் வாயிலாக மதிப்பையோ கொள்கையையோ நிலைநாட்டும் முயற்சிகள் 20ஆம் நூற்றாண்டில் வலுப்பெற்றன. 1929இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களைக் கைவிட வலியுறுத்தியது. தனித்தமிழ் இயக்கத்தின் தொடக்கத்தில், 1916 அளவில், வேதாசலம் தம் பெயரை மறைமலை எனத் தமிழாக்கிக்கொண்டார். வேதம் மறையாகவும் அசலம் மலையாகவும் மாறின. விருத்தாசலம், பழமலை ஆகியவற்றுக்கு இடையே உள்ள உறவும் இத்தகையதே. அவருக்கு முன்னரே சூரியநாராயண சாத்திரியார் (1870-1903) பரிதிமாற் கலைஞர் என்னும் பெயரை மேற்கொண்டிருந்தார்.

கடலூர்ப் பகுதியிலிருந்தும் அதன் அண்மையிலிருந்தும் சில எடுத்துக்காட்டுகள்:

* விடுதலைப் போராட்ட வீரர் கடலூர் அஞ்சலை அம்மாளின் மகள் அம்மாக்கண்ணு, நீலன் சிலை அகற்றும் போராட்டத்தில் (1927) தாயுடன் சிறை சென்றார். காந்தி அவருக்கு லீலாவதி எனப் பெயரிட்டு வார்தா ஆசிரமத்துக்கு அழைத்துச் சென்றார்.
* 1933இல் கடலூரில் பிறந்த திராவிடர் கழகத் தலைவர் கி. வீரமணியின் இயற்பெயர் சாரங்கபாணி. அவருடைய ஆசிரியர் திராவிடமணி அதனை மாற்றினார்.
* அரியலூர் மாவட்டம் அங்கனூரைச் சேர்ந்த அரசியல் தலைவர் திருமாவளவன், இராமசாமி என்னும் தம் தந்தையின் பெயரைத் தொல்காப்பியன் என மாற்றினார். அவருடைய தலைப்பெழுத்தான 'தொல்.' என்பது இவ்வாறு அமைந்தது. இங்கு பெயர், மகனிடமிருந்து தந்தைக்குச் சென்றுள்ளது.

பிற பண்பாடுகளுடன் ஒப்பீடு

மேற்கூறிய கூறுகள் பல பிற நாடுகளின் மரபுப் பெயர்களிலும் காணப்படுகின்றன. இசுக்காட்லாந்தில் மூத்த மகனுக்குத் தந்தைவழிப் பாட்டனின் பெயரையும், இரண்டாம் மகனுக்குத் தாய்வழிப் பாட்டனின் பெயரையும் இடும் வழக்கம் இருந்தது. அந்நாட்டின் கேலிக் மொழிப் பெயரான மால்கம் என்பதற்குப் புனித கொலும்பாவின் அடியவன் என்பது பொருள். தமிழில் 'தாசன்', 'அடியான்' என முடியும் பெயர்களை இது ஒத்தது. 'மகன்' என்னும் பொருள்தரும் 'மாக்' என்னும் முன்னொட்டு, தமிழின் தலைப்பெழுத்தைப் போன்றே தந்தையைச் சுட்டத் தொடங்கியது. ஆனால் அங்கு அது நிலையான குடும்பப் பெயராக இறுகிவிட்டது. தமிழகத்தில் அவ்வாறு நிகழாமையால், ஒரு பெயரைப் பெயரனுக்கு இடாது விட்டால், இரண்டு தலைமுறைக்குள் அது குடும்பத்திலிருந்து முற்றாக மறைந்துவிடுகின்றது.

தற்கால நிலை

பள்ளிச் சேர்க்கையும் பிறப்புப் பதிவும் பரவியபின், ஒருவருக்கு ஒரே பெயர் என்னும் நிலை உறுதிப்பட்டது. 1969ஆம் ஆண்டின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தின் கீழ்ப் பதிவாகும் பெயரே சான்றிதழ்களில் தொடர்கின்றது. இதனால் வீட்டுப் பெயரும் ஏட்டுப் பெயருமாக வாழ்ந்த இரட்டை வழக்கம் சுருங்கியது. எண் கணிதம், நட்சத்திர எழுத்து, திரைப்படம் ஆகியவற்றை ஒட்டி இடப்படும் புதுப்பெயர்கள் பெருகியுள்ளன. பழைய பெயர்களைத் தாங்கியோர் கேலிக்கு அஞ்சி அவற்றை அரசிதழ் வாயிலாக மாற்றிக்கொள்வதும் உண்டு.

இம்மாற்றத்துக்கு இரு பக்கங்கள் உள்ளன. காப்புப் பெயர்கள் மறைவது குழந்தை இறப்புக் குறைந்ததையும், ஈறு நீக்கிய பெயர்கள் மறைவது ஒடுக்கப்பட்டோர் தம் மதிப்பை மீட்டதையும், வேண்டாம் என்னும் பெயர் மறைவது பெண் குழந்தை பற்றிய எண்ணம் மாறிவருவதையும் காட்டுகின்றன. மறுபுறம், கொளஞ்சி, பழமலை, விருத்தாம்பாள் போன்ற பெயர்கள் குறையும்போது, ஒருவரை அவர்தம் ஊரோடும் முன்னோரோடும் இணைத்துக் காட்டிய அடையாளமும் குறைகின்றது. எனினும் பாட்டன் பாட்டியின் பெயரை இரண்டாம் பெயராகவோ அழைப்புப் பெயராகவோ இடும் வழக்கம் பல குடும்பங்களில் தொடர்கின்றது.